எம்எல்பி டிவி: அணிகள் குடிபெயரும் ஊர்களைக் கும்பகோணத்திலிருந்து பார்த்தபோது

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு தன்னுடைய ஆட்டங்களை இணையம் வழியாக நேரலையில் காட்டுவதற்கு நடத்திவரும் சந்தாச் சேவையே எம்எல்பி டிவி. 2002 ஆகஸ்ட் 26 அன்று நியூயார்க் யாங்கீஸ் அணியும் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியும் மோதிய ஆட்டத்தை இணையத்தில் ஒளிபரப்பியதிலிருந்து அதன் கதை தொடங்குகிறது. இன்று 30 அணிகளின் ஆட்டங்களும் கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் கிடைக்கின்றன. பேஸ்பாலை ரசிக்க விரும்புபவர் இதற்குப் பணம் கட்டலாமா என்று கேட்டால், தாராளமாகக் கட்டலாம் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவேன். ஆனால் நான் இச்சேவையை மிகுதியும் பயன்படுத்திவருவது வேறொரு கேள்விக்கு விடை தேடுவதற்காக. ஓர் அணி தன் ஊரை விட்டுக் கிளம்புமானால், அதை வரவேற்று, முதல் ஆண்டின் ஆரவாரம் அடங்கிய பிறகும் தாங்கி நிற்கக்கூடிய ஊர் எது? அதைக் கண்டறிய இச்சேவை எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதையும், அதன் வழியாக நான் கண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நேரக் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். கிழக்குக் கடற்கரை ஊர்களில் கோடை மாலை 7.05 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மறுநாள் அதிகாலை 4.35க்கு வரும், மேற்குக் கடற்கரையில் அதே நேரத்தில் தொடங்குவது காலை 7.35க்கு வரும், ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டங்களோ நமக்கு இரவு பத்தரை மணிக்குத்தான் தொடங்கும். 2023ஆம் ஆண்டில் பந்து வீசுவதற்கு நேர வரம்பு கொண்டுவந்த பிறகு, ஓர் ஆட்டத்தின் சராசரி நீளம் 3 மணி 4 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடமாகக் குறைந்துவிட்டதால், விடியற்காலையில் காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஏழேகால் மணிக்கெல்லாம் ஆட்டம் முடிந்து அன்றாட வேலைக்குக் கிளம்பிவிடலாம். மார்ச் இறுதியில் தொடங்கிச் செப்டம்பர் இறுதியில் முடியும் இந்த சீசன், மேட்டூர் அணை திறந்து குறுவை நட்டு அறுவடைக்கு வரும் மாதங்களைத் தன்னுள் அடக்கிக்கொள்வதால், வயல் வேலை உள்ளவர்கள் நேரலையைவிட, முடிந்த ஆட்டத்தின் சுருக்கப்பட்ட வடிவத்தைப் பார்ப்பதே வசதியாக இருக்கும். அதையும் இச்சேவை ஒழுங்காகத் தருகிறது.

ஊர்களை எடைபோட விரும்புபவருக்கு இதில் மிகவும் பயன்படுவது, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் உள்ளூர் அணியின் ஒளிபரப்பு, வெளியூர் அணியின் ஒளிபரப்பு என இரண்டும் கிடைப்பதுதான். உள்ளூர் வர்ணனையாளர் தம் அரங்கத்தின் காலி இருக்கைகளைப் பற்றி வாய் திறப்பது அரிது. வெளியூர்க்காரருக்கு அந்தத் தயக்கம் கிடையாது. எனவே கூட்டம் எப்படி என்று அறிய வேண்டிய நாட்களில் நான் வெளியூர் அணியின் ஒளிபரப்பையே தேர்ந்தெடுக்கிறேன். இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் வசிப்பவர் இதே சந்தாவைக் கட்டினாலும், உள்ளூர்த் தொலைக்காட்சி உரிமையைக் காரணம் காட்டி அவர் ஊர் அணியின் நேரலையை மறைத்துவிடுவார்கள். நமக்கு அந்தத் தடை இல்லாததால், ஓக்லாந்தில் குடியிருந்தவர் இச்சந்தாவில் பார்க்க முடியாத ஓக்லாந்து ஆட்டத்தை மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் உட்கார்ந்து முழுவதுமாகப் பார்க்க முடிந்தது.

ஒரு பேஸ்பால் அணி ஆண்டுக்கு ஆடும் 162 ஆட்டங்களில் 81 ஆட்டங்கள் சொந்த ஊரில் நடக்கின்றன. ஐபிஎல் தொடரில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்காகச் சேப்பாக்கம் நிரம்ப வேண்டியது ஏழு நாட்களே என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த எண்ணிக்கையின் கனம் விளங்கும். ஏப்ரல் மாதக் குளிரிலும், ஆகஸ்ட் மாத வெக்கையிலும், தோற்றுக்கொண்டிருக்கும் ஆண்டிலும், பள்ளிக்கூடம் உள்ள செவ்வாய்க்கிழமை இரவிலும் இருபதாயிரம் பேர் வர வேண்டும். கும்பகோணத்தில் சாப்பாட்டுக் கடை வைப்பவர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும் மாமாங்கக் கூட்டத்தை நம்பிக் கடை பிடிப்பதில்லை; முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்திலும் மார்கழியிலும் எத்தனை இலை விழும் என்றுதான் கணக்குப் போடுகிறார். தொடக்க நாள் ஆட்டத்தின் கூட்டத்தைக் காட்டி ஓர் ஊரைப் பரிந்துரைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடாமலே பேசுகிறார்கள் என்பது என் வருத்தம்.

அத்லெடிக்ஸ் அணியின் வரலாறு இதற்கு ஒரு நீண்ட பாடமாக இருக்கிறது. 1901இல் பிலடெல்பியாவில் தொடங்கி, 1955இல் கான்சாஸ் சிட்டிக்குப் போய், 1968இல் ஓக்லாந்துக்கு வந்து, 1972, 1973, 1974 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்தும் பிறகு 1989இலும் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்ற அணி அது. அதன் கடைசி ஆண்டுகளில் ஓக்லாந்து கொலிசியத்திலிருந்து வந்த நேரலைகளைப் பார்ப்பதே மனத்துக்குச் சங்கடமாக இருக்கும். மட்டையில் உரசிப் பின்பக்கமாகப் பறந்த பந்து மேலடுக்கில் விழுந்து, பச்சை நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகளின் முதுகில் தட்டித் தட்டிப் படிப்படியாக இறங்கும் சத்தம் ஒலிவாங்கியில் தெளிவாகக் கேட்கும். அதை எடுக்க ஓடிவர அந்தப் பகுதியில் ஒருவரும் இருக்க மாட்டார். நாற்காலிக்கு நாற்காலி தாவிப் பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டிய பந்து, காவலர் ஒருவர் மெதுவாக நடந்து வந்து குனிந்து எடுக்கும்வரை கிடந்த இடத்திலேயே கிடக்கும். 2023இல் அங்கே ஓர் ஆட்டத்துக்கு வந்தவர்கள் சராசரியாகப் பத்தாயிரம் சொச்சம்.

இதைப் பார்த்தவர்கள் ஓக்லாந்து ஓர் அணியைத் தாங்க முடியாத ஊர் என்று முடிவு கட்டினார்கள். நான் அவ்வாறு நினைக்கவில்லை. அதே சேவையில் பார்த்த இன்னோர் ஆட்டமே அதற்குக் காரணம். 2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை இரவு, அணியை விற்றுவிடுமாறு உரிமையாளரைக் கேட்டு ரசிகர்கள் திட்டமிட்டு அரங்கத்துக்குத் திரண்டபோது 27,759 பேர் வந்தார்கள். அரங்கம் முழுவதும் பச்சைச் சட்டைகள், முரசு, ஒரே குரலில் எழுந்த முழக்கம். டாம்பா பே ரேஸ் அணியை 2-1 என்று வென்றதும் எழுந்த ஓசை என் கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியை அதிரவைத்தது. ஊர் இருந்தது, மக்கள் இருந்தார்கள், விருப்பமும் இருந்தது. அணியில் பணம் போடாமல், நல்ல ஆட்டக்காரர்களை ஒருவர் பின் ஒருவராக விட்டுக்கொடுத்து, பழுதடைந்த அரங்கத்திலேயே ஆடவைத்து, பிறகு கூட்டம் இல்லை என்று குறை சொல்வது ஊரின் மீது சுமத்தப்படும் அநியாயம். அதே ஆண்டு நவம்பரில் லீக்கின் 30 அணி உரிமையாளர்களும் அணியை லாஸ் வேகாஸுக்கு மாற்ற ஒருமனதாக வாக்களித்தார்கள். 2024 செப்டம்பர் 26 அன்று நடந்த கடைசி ஆட்டத்துக்கு 46,889 பேர் வந்திருந்தார்கள். வாரியர்ஸ் கூடைப்பந்து அணி 2019இல் சான் பிரான்சிஸ்கோவுக்கும், ரைடர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணி 2020இல் லாஸ் வேகாஸுக்கும் போனதற்குப் பிறகு ஓக்லாந்திடம் எஞ்சியிருந்த ஒரே பெரிய அணி அதுதான்.

இங்கே சந்தாதாரர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ஒளிபரப்பில் அறிவிக்கப்படும் பார்வையாளர் எண்ணிக்கை என்பது விற்பனையான சீட்டுகளின் எண்ணிக்கை. வாயிலைக் கடந்து உள்ளே வந்தவர்களின் எண்ணிக்கை வேறு. திரையில் 18,000 என்று எழுத்து ஓடும்போது இருக்கைகளைப் பார்த்தால் அதில் பாதிகூட இருக்கிறதா என்று சந்தேகம் வரும். நடுக்களக் கேமரா பந்து வீசுபவரின் தோளுக்குப் பின்னாலிருந்து காட்டும்போது மட்டையாளருக்குப் பின்னால் தெரிவது மிக விலை உயர்ந்த இருக்கைகள். அவை சீட்டு வாங்கிய நிறுவனங்களின் விருந்தினர் வராததாலும் காலியாகக் கிடக்கலாம். உண்மையை அறிய உயரே பறந்த பந்தைக் கேமரா துரத்தும் நேரத்தில் மேலடுக்கைப் பார்க்க வேண்டும். ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் ஏழாவது இன்னிங்ஸில் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

அத்லெடிக்ஸ் இப்போது சாக்ரமென்டோவை ஒட்டிய வெஸ்ட் சாக்ரமென்டோவில், ரிவர் கேட்ஸ் என்னும் இரண்டாம் நிலை அணியின் அரங்கத்தில் தற்காலிகமாக ஆடுகிறது. ஏறத்தாழ 14,000 பேர் கொள்ளும் அந்த அரங்கத்தில் 2025 மார்ச் 31 அன்று, அதாவது நமக்கு ஏப்ரல் 1 காலையில், நடந்த முதல் ஆட்டத்தில் சிகாகோ கப்ஸிடம் 18-3 என்று தோற்றது. அணி தன் பெயரோடு சாக்ரமென்டோவைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. போகப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டே வந்து தங்குபவருக்கு ஓர் ஊர் தன் மனத்தை எப்படிக் கொடுக்கும்? 2025இல் அங்கே சராசரி பத்தாயிரத்தை எட்டாததை வைத்து அவ்வூர் மக்களைக் குறைத்து மதிப்பிடுவது சரியாகாது.

லாஸ் வேகாஸ் பற்றி எனக்கு நம்பிக்கை குறைவு. நெவாடா சட்டமன்றம் 2023 ஜூனில் 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தர ஒப்புக்கொண்டது. 33,000 இருக்கைகளோடு கூரையிட்ட அரங்கம் 2028இல் திறக்கப்படும் என்பது திட்டம். கோல்டன் நைட்ஸ் ஹாக்கி அணி 2017இல் தொடங்கியதிலிருந்து அவ்வூர் அதைக் கொண்டாடுவதும் உண்மை. ஆனால் ஹாக்கிக்குச் சொந்த ஊர் ஆட்டங்கள் நாற்பது சொச்சம். கால்பந்துக்கு எட்டோ ஒன்பதோ. பேஸ்பாலுக்கு அதைப்போல் இரு மடங்கும் பல மடங்கும் தேவை. ஊருக்கு வரும் சுற்றுலாப் பயணி தன் சொந்த அணி அங்கே வரும் வாரத்தில் ஓர் ஆட்டம் பார்ப்பார். மற்ற நாட்களில் இருக்கையை நிரப்ப வேண்டியவர்கள் விடுதிகளிலும் சூதாட்ட அரங்குகளிலும் மாலை வேலைக்குப் போகும் உள்ளூர் மக்கள். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அவர்களில் பலர் வேலையில் இருப்பார்கள்.

ஒரே ஊர் ஒரு காலத்தில் தாங்கும், இன்னொரு காலத்தில் தாங்காது என்பதற்கு மாண்ட்ரியால் சாட்சி. எக்ஸ்போஸ் அணி 1979, 1980, 1982, 1983 ஆண்டுகளில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட பார்வையாளர்களை ஈர்த்தது. 1994இல் 74 வெற்றி, 40 தோல்வி என்று எல்லா அணிகளுக்கும் முன்னால் நின்றபோது, ஆகஸ்ட் 12 அன்று ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கி அந்த சீசனே முடிந்துபோனது. அதன் பிறகு சிறந்த ஆட்டக்காரர்கள் போனார்கள், 2001இல் ஆண்டு முழுவதற்கும் 6.4 லட்சம் பேரே வந்தார்கள், 2003லும் 2004லும் சில சொந்த ஊர் ஆட்டங்களைப் போர்ட்டோ ரிக்கோவில் ஆடினார்கள், 2005இல் அணி வாஷிங்டனுக்குப் போய்விட்டது. ஆனாலும் 2014 மார்ச்சில் டொரன்டோ அணி அங்கே பயிற்சி ஆட்டங்களுக்காக வந்தபோது இரண்டு நாட்களுக்கும் சேர்த்து 96,000க்கு மேற்பட்டோர் வந்தார்கள். அந்த இரண்டு நாள் கூட்டமும் மாமாங்கக் கணக்கில்தான் சேரும் என்பதை அறிவேன். ஆனால் அணி போய்ப் பத்தாண்டு கழித்தும் அவ்வளவு பேர் வந்ததை அலட்சியப்படுத்தவும் எனக்கு மனம் வரவில்லை.

மில்வாக்கியின் கதை இதற்கு நேர்மாறானது. 1953இல் பாஸ்டனிலிருந்து வந்த பிரேவ்ஸ் அணியை அவ்வூர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. 1957இல் உலகத் தொடரையும் அவ்வணி வென்றது. ஆனாலும் 1966இல் அட்லாண்டாவுக்குப் போய்விட்டது. பிறகு, சியாட்டிலில் 1969இல் ஒரே ஓர் ஆண்டு ஆடிக் கடனில் மூழ்கிய பைலட்ஸ் அணி 1970இல் மில்வாக்கிக்கு வந்து ப்ரூவர்ஸ் ஆனது. லீக்கின் மிகச் சிறிய ஊர்களில் ஒன்றான அது, அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 25 லட்சம் பேருக்கு மேல் அரங்கத்துக்கு வரவழைக்கிறது. மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவில் அங்கிருந்து வரும் நேரலையைப் பார்த்தால், மூடித் திறக்கும் கூரைக்குக் கீழே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். வெளியே மழையா குளிரா என்ற கவலையே இல்லாமல் மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் வண்டி ஓட்டி வருகிறார்கள். இதற்கு எதிர்ப்பக்கத்தில் மயாமி இருக்கிறது: சுற்றுவட்டாரத்தில் 60 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள், 1997லும் 2003லும் உலகத் தொடர் வெற்றி, 2012இல் திறக்கப்பட்ட கூரையரங்கம், இவ்வளவு இருந்தும் பெரும்பாலான வார நாட்களில் காலி இருக்கைகள். வெற்றி பெற்ற அணிகளைப் பிரித்து விற்றே அங்கே ரசிகர்களின் நம்பிக்கையைக் குலைத்துவிட்டார்கள்.

ஊரின் பருமனை அளக்க முன்பு உள்ளூர்த் தொலைக்காட்சி வருவாயே அளவுகோலாக இருந்தது. பல அணிகளின் ஒளிபரப்பைக் கையில் வைத்திருந்த டயமண்ட் ஸ்போர்ட்ஸ் குழுமம் 2023 மார்ச்சில் திவால் மனு கொடுத்த பிறகு அந்த அளவுகோல் ஆட்டம் கண்டுவிட்டது. அவ்வாண்டு மே இறுதியில் சான் டியேகோ பாட்ரேஸ் அணியின் ஒளிபரப்பை லீக்கே எடுத்து நடத்தத் தொடங்கி, மற்ற சில அணிகளுக்கும் அவ்வாறே செய்தது. தொலைக்காட்சிப் பணம் நிச்சயமில்லாமல் போகும்போது வாயிலில் விற்கும் சீட்டுக்கு மறுபடியும் மதிப்புக் கூடுகிறது. அதே சான் டியேகோவைக் கவனியுங்கள். சார்ஜர்ஸ் கால்பந்து அணி 2017இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போன பிறகு, ஊரின் முழு அன்பும் பாட்ரேஸ் பக்கம் திரும்பியது; 2023 முதல் ஆண்டுக்கு 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் வருகிறார்கள். கோடையில் போட்டிக்கு வேறு பெரிய அணி இல்லாத, நடந்து போகும் தூரத்தில் அரங்கம் உள்ள ஊர் எப்படித் தாங்கும் என்பதை அறிய இச்சேவையில் சான் டியேகோவின் புதன்கிழமை ஆட்டம் ஒன்றைப் பார்த்தாலே போதும்.

இந்த அடிப்படையில்தான், இன்னும் பெரிய பேஸ்பால் அணி கிடைக்காத ஊர்களில் நான் போர்ட்லாண்டை முதலில் வைக்கிறேன். சுற்றுவட்டாரத்தோடு 25 லட்சம் மக்கள். பெரிய அணிகளில் குளிர்காலத்தில் ஆடும் கூடைப்பந்து அணி ஒன்று, அதோடு சாக்கர் அணி. வில்லாமெட் ஆற்றங்கரையில் அரங்கத்துக்கான நிலம் தேர்வாகி, 2025இல் ஆரிகன் சட்டமன்றமும் 80 கோடி டாலர் வரை கடன் பத்திரத்துக்கு வழி செய்திருக்கிறது. என் அக்கா மகன் அதை அடுத்த ஹில்ஸ்பரோவில் சில்லுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறான். யாகிமாவிலிருந்து 2013இல் குடிபெயர்ந்து வந்த ஹாப்ஸ் என்னும் கீழ்நிலை அணியின் ஆட்டங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவன். பெரிய அணி வந்தால் வாரநாளில் போவாயா என்று தொலைபேசியில் கேட்டேன். “வேலை விட்டு ட்ரெயின்ல நேரா போற மாதிரி இருந்தா வாரத்துல ஒரு நாள் கட்டாயம் போவேன் மாமா. கார் எடுத்துக்கிட்டு நெரிசல்ல மாட்டிப் போகணும்னா சனி ஞாயிறுதான். அதுவும் ஏப்ரல் மாசம் பூரா இங்க மழை, மேல ஒரு கூரை வேணும்” என்றான். டாம்பா பே ரேஸ் அணிக்கு நேர்ந்ததும் இதேதான்: 2008லும் 2020லும் உலகத் தொடர்வரை போன அணி, ஆனால் அரங்கமோ செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில்; டாம்பாவில் வேலை முடித்தவர் மாலை நெரிசலில் வளைகுடாப் பாலத்தைக் கடந்து வர வேண்டும். போர்ட்லாண்டிலும் அரங்கத்துக்குப் போகும் வழியைச் சரியாக அமைக்காவிட்டால் நான் சொன்ன மற்ற எல்லாமும் வீண்.

சால்ட் லேக் சிட்டி இரண்டாவது. அங்கே நிலம், உள்ளூர் உரிமையாளர் குடும்பத்தின் ஈடுபாடு, 2024இல் யூட்டா சட்டமன்றம் அனுமதித்த 90 கோடி டாலர் வரையிலான பொதுப்பணம் எல்லாம் தயாராக இருக்கின்றன; அரிசோனாவின் ஹாக்கி அணியை அதே ஆண்டில் ஏற்றுக்கொண்ட ஊரும் அதுவே. மக்கள்தொகை குறைவு என்பதே தயக்கம், ஆனால் மில்வாக்கி அந்தத் தயக்கத்துக்குப் பாதி பதில் சொல்லிவிட்டது. நாஷ்வில் இசைக்காகவும் கேளிக்கைக்காகவும் வருபவர்களால் நிரம்பும் ஊர் என்பதால் லாஸ் வேகாஸுக்குச் சொன்னதை அதற்கும் ஓரளவு சொல்லலாம். சார்லட் பணக்கார வங்கி ஊர். அங்குள்ள இரண்டாம் நிலை அணியின் அரங்கம் நகர நடுவிலேயே அழகாக அமைந்திருக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து இல்லை.

டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தூரத்துக் கதை என்று நான் கருதவில்லை. 2018இல் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு நடந்த போராட்டத்தின்போது, ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டம் முடிந்ததும் சென்னையின் மற்ற ஆறு சொந்த ஊர் ஆட்டங்களும் புனேவுக்கு மாற்றப்பட்டன. நமக்குத் தண்ணீர் பெரிதாக இருந்த காலம் அது. ஆட்டம் போனதற்கு இங்கே யாரும் அழவில்லை. ஆயினும் தனி ரயில் ஏறிப் புனே வரை போன ரசிகர்களைப் பார்த்தபோது, அணி திரும்பி வரும் என்று தெரிந்தால் ரசிகர் எவ்வளவு தூரமும் போவார் என்பது புரிந்தது. 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கிலும் அணிகள் ஊர் மாறியிருக்கின்றன: தூத்துக்குடியின் அணி சேலத்துக்கும், காரைக்குடியின் அணி திருப்பூருக்கும், காஞ்சியின் அணி நெல்லைக்கும் பெயர் மாறின. திருச்சிக்குப் பெயரளவில் அணி வந்தும் தொடக்க ஆண்டுகளில் ஆட்டங்கள் சேப்பாக்கம், நத்தம், திருநெல்வேலி ஆகிய இடங்களில்தான் நடந்தன. நம் பக்கத்துக்கு ஓர் அணி வருமானால் தஞ்சாவூரே பொருத்தம் என்பேன். திருச்சியிலிருந்தும் கும்பகோணத்திலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் பேருந்துகள் வந்து சேரும் ஊர் அது. ஆனால் இரவு ஆட்டம் முடிந்து பதினொன்றரை மணிக்கு வெளியே வருபவருக்கு மன்னார்குடிக்குப் பேருந்து இருக்க வேண்டும். முறையான மின்விளக்குகளோடு ஒரு கிரிக்கெட் மைதானமும் வேண்டும். இவை இரண்டும் இல்லாமல் அணியை மட்டும் கேட்பதில் பொருளில்லை.

சேவையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். செயலியைத் திறந்தவுடன் எல்லா ஆட்டங்களின் முடிவுகளும் முகப்பிலேயே தெரிந்துவிடும். அமைப்புகளுக்குள் போய் மதிப்பெண்களை மறைக்கும் வசதியை முதலில் இயக்கிவைக்க வேண்டும். இன்னிங்ஸ்களுக்கு இடையே விளம்பர நேரம் என்று எழுதிய ஒரே அட்டையை அசையாமல் காட்டும்போது இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைக்கத் தோன்றும். சில வெள்ளிக்கிழமை ஆட்டங்களின் உரிமை 2022 முதல் ஆப்பிள் நிறுவனத்திடம் இருப்பதால் அவை இதில் வருவதில்லை. கட்டணத்தை டாலரில் கட்ட வேண்டியிருப்பதால் வங்கி அட்டையில் அயல்நாட்டுப் பரிமாற்றத்தை இயக்கிவைத்திருப்பது அவசியம். 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் விதிகளால் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு பல அட்டைகளில் நடப்பதில்லை என்பதையும் மனத்தில் கொண்டு, சீசன் தொடங்கும் வாரத்தில் நாமே கட்டிவிடுவது நல்லது. உலகத் தொடர் நடக்கும் அக்டோபர் இறுதியில் நமக்கு வடகிழக்குப் பருவமழை பிடித்திருக்கும். மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் வீட்டு இணைப்பு போய்விடும் என்பதால் கைப்பேசியில் தனியாகத் தரவு வைத்திருப்பவர்களே முக்கியமான ஆட்டத்தைத் தவறவிடாமல் பார்க்கிறார்கள்.

முழு ஆண்டுக்கும் கட்டத் தயங்குபவர் ஒரு மாதச் சந்தா எடுக்கலாம். அப்படி எடுப்பவர் ஏப்ரலையும் செப்டம்பரையும் விட்டுவிட்டு ஆகஸ்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் பரிந்துரை, ஏனென்றால் அடுத்த சுற்று வாய்ப்பு பறிபோன அணிகளின் வார நாள் ஆட்டங்கள் அப்போதே நிறையக் கிடைக்கும். மில்வாக்கி, சான் டியேகோ, மயாமி, சாக்ரமென்டோ ஆகிய நான்கு இடங்களிலிருந்தும் திங்கள் முதல் வியாழன் வரை நடக்கும் ஆட்டங்களில் ஒவ்வொன்றை எடுத்து, வெளியூர் அணியின் ஒளிபரப்பில், ஏழாவது இன்னிங்ஸிலிருந்து பாருங்கள்.